குவியும் தகவல்களும் கணக்கில் வராத குடிமக்களும்

புது தில்லி: 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் இந்தியாவில் யு.பி.ஐ. வழியாக 2,000 கோடிக்கும் அதிகமான பணப் பரிமாற்றங்கள் நடந்தன. தேநீர்க் கடையில் கொடுக்கப்பட்ட பத்து ரூபாய்கூட தொகை, நேரம், கொடுத்தவர், பெற்றவர் என்ற விவரங்களுடன் கணினியில் பதிவாகியுள்ளது. வழங்கப்பட்ட ஆதார் எண்கள் 140 கோடியைத் தாண்டிவிட்டன. சரக்கு-சேவை வரி வலைப்பின்னலில் நாட்டின் வணிகர்களுடைய கொள்முதலும் விற்பனையும் பதிவாகின்றன.

அதே ஆகஸ்ட் மாதத்தில் "இந்நாட்டில் எத்தனை பேர் வாழ்கிறார்கள்?" என்று நாடாளுமன்றத்தில் எவரேனும் கேட்டிருந்தால், மத்திய அரசிடம் எண்ணிப் பார்த்துப் பெற்ற விடை இருந்திருக்காது. கடைசியாக எண்ணப்பட்டது 2011-ல். அன்றைய கணக்கு 121 கோடி. அதன்பின் வந்தவை அனைத்தும் மதிப்பீடுகளே. மக்கள்தொகையில் சீனாவை இந்தியா முந்திவிட்டது என்ற செய்திகூட 2023-ல் ஐ.நா. வெளியிட்ட 142.86 கோடி என்ற மதிப்பீட்டிலிருந்து பிறந்ததுதான்.

பணம் நகர்வதை நொடிக்கு நொடி அறியும் அரசு, மக்களின் தொகையை ஒன்றரை தசாப்தம் பழைய ஏட்டில் பார்க்க வேண்டிய நிலை எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி. அதன் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

தள்ளிப்போன கணக்கு

இந்தியா முழுவதும் ஒரே காலத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முதன்முறையாக நடந்தது 1881-ல். அன்று முதல் 2011 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை என்ற வரிசை அறுபடவில்லை. இரண்டாம் உலகப் போருக்கு நடுவே, 1941-லும் சுருக்கமாகவேனும் கணக்கெடுப்பு நடந்தது. பிரிவினையின் காயம் ஆறாத 1951-லும் நடந்தது.

2021 கணக்கெடுப்புக்காக 2019 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ரூ. 8,754 கோடி ஒதுக்க ஒப்புதல் அளித்தது. 2020 ஏப்ரலில் வீட்டுப் பட்டியல் தயாரிக்கும் பணி தொடங்கவிருந்த நேரத்தில் கொரோனா பொதுமுடக்கம் வந்தது. பணி ஒத்திவைக்கப்பட்டதில் எவருக்கும் வியப்பில்லை. ஆனால் தொற்று தணிந்த பிறகும், மாவட்ட, வட்ட எல்லைகளை மாற்றாமல் நிலைநிறுத்த வேண்டிய கெடு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு வந்தது. எல்லைகள் உறுதியாகாமல் கணக்கெடுப்பைத் தொடங்க இயலாது என்பதால், ஒவ்வொரு நீட்டிப்பும் ஒரு ஒத்திவைப்பாகவே அமைந்தது.

2025 ஏப்ரல் 30-ம் தேதி, கணக்கெடுப்பில் சாதி விவரமும் சேர்க்கப்படும் என்று அரசியல் விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு முடிவெடுத்தது. ஜூன் 16-ம் தேதி அரசிதழ் அறிவிக்கை வந்தது. 2027 மார்ச் 1 கணக்கீட்டுத் தேதியாகவும், லடாக், ஜம்மு-காஷ்மீர், ஹிமாசல பிரதேசம், உத்தரகண்ட் ஆகியவற்றின் பனி சூழ்ந்த பகுதிகளுக்கு 2026 அக்டோபர் 1 கணக்கீட்டுத் தேதியாகவும் குறிக்கப்பட்டன. 2025 டிசம்பரில் ரூ. 11,718 கோடிக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சுமார் 30 லட்சம் களப் பணியாளர்கள், காகிதத்துக்குப் பதிலாக செல்போன் செயலி, மக்கள் தாங்களே விவரங்களைப் பதிவு செய்யும் வசதி என இது முதல் மின்னணுக் கணக்கெடுப்பாகத் திட்டமிடப்பட்டது.

ஆக, பத்தாண்டு இடைவெளி பதினாறு ஆண்டுகளாக நீண்டது. இந்த ஆறு ஆண்டுகளில் என்ன நேர்ந்தது என்பதற்கு ரேஷன் கடையே முதல் சாட்சி.

ரேஷன் அட்டையில் 2011

2013-ம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஊரக மக்களில் 75 சதவீதம் பேருக்கும் நகர்ப்புற மக்களில் 50 சதவீதம் பேருக்கும் வரை மானிய விலை உணவு தானியம் பெறும் உரிமையை வழங்கியது. 2011 கணக்கின்படி இது 81.35 கோடி பேர். அன்றைய மக்கள்தொகையில் சுமார் 67 சதவீதம். சட்டத்தின் 9-வது பிரிவு, பயனாளிகளின் எண்ணிக்கையை வெளியிடப்பட்ட மக்கள்தொகைக் கணக்கின் அடிப்படையில்தான் நிர்ணயிக்க வேண்டும் என்கிறது. புதிய கணக்கு இல்லாததால் 81.35 கோடி என்ற உச்சவரம்பு அப்படியே நின்றுவிட்டது.

கூட்டல் கணக்கு எளிது. ஐ.நா. மதிப்பீடான 142 கோடியில் 67 சதவீதம் என்றால் சுமார் 95 கோடி. இடைவெளி ஏறத்தாழ 14 கோடி பேர். 2025 பிப்ரவரி 10-ம் தேதி மாநிலங்களவையின் பூஜ்ய நேரத்தில் சோனியா காந்தி இப்பிரச்னையை எழுப்பியபோது, சுமார் 14 கோடி தகுதியுள்ள மக்கள் சட்டப்படியான பலனை இழந்துள்ளனர் என்று குறிப்பிட்டார். பொருளியல் அறிஞர்கள் ஜான் டிரேஸ், ரீத்திகா கேரா ஆகியோர் 2020-லேயே 10 கோடிக்கும் மேற்பட்டோர் விடுபட்டிருப்பதாக மதிப்பிட்டிருந்தனர்.

இதற்கு முன் நடந்த ஒன்றையும் நினைவுகூர வேண்டும். 2020 செப்டம்பரில் மக்களவை கூடியபோது, பொதுமுடக்கத்தின்போது சொந்த ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று கேட்கப்பட்டது. அத்தகைய விவரம் எதுவும் பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுத்துபூர்வமாகப் பதிலளித்தது. ஊர் திரும்பியவர்கள் ஒரு கோடிக்கும் மேல் என்ற கணக்கு இருந்தது. வழியில் மாண்டவர்களின் கணக்கு இல்லை.

புலம்பெயர் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில் 2021 ஜூன் 29-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்யவும், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-வது பிரிவின்படி பயனாளிகள் எண்ணிக்கையை மறுநிர்ணயம் செய்யவும் அது உத்தரவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'இ-ஷ்ரம்' பதிவுத் தளம் தொடங்கப்பட்டது. 2023-ல் அதில் பதிவு செய்தோர் 28 கோடியைத் தாண்டியிருந்தனர். அந்தப் பட்டியலை ரேஷன் அட்டைப் பட்டியலோடு ஒப்பிட்டபோது வெளிவந்த எண்ணிக்கைதான் தில்லியை உலுக்கியிருக்க வேண்டியது. பதிவு செய்த தொழிலாளர்களில் சுமார் 8 கோடி பேர் எந்த ரேஷன் அட்டையிலும் இல்லை.

உச்சவரம்பைக் காரணம் காட்டாமல் இவர்களுக்கு அட்டை வழங்க வேண்டும் என்று 2023-லும், மீண்டும் 2024 மார்ச்சிலும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. இரு பெரும் தகவல் தொகுப்புகளை இணைத்துப் பார்த்ததால் விடுபட்டவர்கள் வெளிச்சத்துக்கு வந்தனர் என்பது இத்தொழில்நுட்பத்தின் நன்மை. அவர்களைச் சேர்க்கத் தடையாக நின்றது பழைய தலைக்கணக்கு.

சேர்க்கவும் நீக்கவும்

இணைக்கப்பட்ட தகவல் தொகுப்புகள் மக்களைச் சேர்ப்பதற்கு மட்டுமே பயன்படுவதில்லை. தெலங்கானாவில் 'சமக்ர வேதிகா' என்ற கணினி முறை உருவாக்கப்பட்டது. பல அரசுத் துறைகளின் பதிவேடுகளை ஒன்றாக்கி, ஒரு குடும்பத்தின் வசதியைக் கணிப்பது அதன் வேலை. அம்மாநிலத்தில் 2016 முதல் சுமார் 19 லட்சம் ரேஷன் அட்டைகள் நீக்கப்பட்ட விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நேரில் விசாரிக்காமல், முன்னறிவிப்பு தராமல், கணினி தந்த பட்டியலை மட்டும் வைத்து அட்டைகள் நீக்கப்பட்டன என்பது மனுதாரர் தரப்பின் குற்றச்சாட்டு. நீக்கப்பட்ட அட்டைகள் அனைத்தையும் வீடு வீடாகச் சென்று சரிபார்க்குமாறு 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இவ்வகை முறைகளில் பிழை நுழையும் வழி எளிதில் புரியக்கூடியது. வாகனப் பதிவேட்டில் ஒரு பெயர், மின் இணைப்பில் அதே பெயர், ரேஷன் பதிவேட்டில் ஓர் எழுத்து மாறிய பெயர். மூவரும் ஒருவரா என்பதைக் கணினி நிகழ்தகவின்படி முடிவு செய்கிறது. ஆங்கிலத்தில் ஒரே பெயரைப் பலவாறு எழுதும் நாட்டில், ஒரே பெயரை ஆயிரக்கணக்கானோர் கொண்டிருக்கும் நாட்டில், நூற்றுக்கு இரண்டு பிழை என்பது தொழில்நுட்ப வல்லுநருக்கு நல்ல மதிப்பெண். ஒரு கோடி குடும்பங்கள் உள்ள பட்டியலில் அது இரண்டு லட்சம் குடும்பங்கள். யாரோ ஒருவரின் கார், கூலித் தொழிலாளியின் பெயரில் ஏறிவிட்டால், தன்னிடம் கார் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அந்தத் தொழிலாளியின் தலையில் விழுகிறது.

அளவு மட்டும் போதுமா?

தகவல் பெருகப் பெருக உண்மை தானாகவே தெளிவாகும் என்ற நம்பிக்கை அரசுத் துறைகளிலும் வணிக நிறுவனங்களிலும் வேரூன்றியுள்ளது. வரலாறு வேறு பாடம் கற்பிக்கிறது.

1936-ல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற வார இதழ் சுமார் ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டு அனுப்பியது. 24 லட்சம் பேர் விடை அனுப்பினர். அவர்களின் பதில்களின்படி ஆல்ஃபிரட் லேண்டன் வெற்றி பெறுவார் என்று இதழ் அறிவித்தது. வென்றவர் ரூஸ்வெல்ட், மொத்தமிருந்த 48 மாநிலங்களில் 46 அவர் பக்கம். பெயர்கள் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் உரிமையாளர் பட்டியலிலிருந்தும் எடுக்கப்பட்டவை என்பதே காரணம். பொருளாதார நெருக்கடிக் காலத்தில் தொலைபேசியும் காரும் இல்லாதவர்கள் அந்த 24 லட்சத்தில் போதிய அளவில் இடம்பெறவில்லை.

இணைய யுகத்திலும் இதே கதை நடந்தது. எந்தச் சொற்களை மக்கள் தேடுகிறார்கள் என்பதை வைத்து காய்ச்சல் பரவலைக் கணிக்கும் சேவையை கூகுள் நிறுவனம் 2008-ல் தொடங்கியது. 2012-13 குளிர்காலத்தில் அதன் கணிப்பு, மருத்துவர்களிடம் இருந்து அமெரிக்க அரசு திரட்டிய எண்ணிக்கையைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. 2015-ல் அச்சேவையின் வெளியீடு நிறுத்தப்பட்டது. காய்ச்சல் பற்றிய செய்தியைப் படித்து அஞ்சித் தேடியவர்களையும், உண்மையில் காய்ச்சல் கண்டவர்களையும் அதனால் பிரித்தறிய இயலவில்லை.

இப்பாடத்தை இந்தியா முன்னரே கற்றிருந்தது. 1931-ல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய பி.சி. மகலனோபிஸ், வங்காளத்தின் சணல் விளைபரப்பை மாதிரி ஆய்வு மூலம் மதிப்பிட்டார். அவர் முறையின் சிறப்பு, பிழையைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு அதற்குள்ளேயே இருந்ததுதான். ஒரே பகுதிக்கு இரு குழுக்களைத் தனித்தனியே அனுப்பி, இரண்டின் விடைகளையும் ஒப்பிடுவார். வேறுபாடு அதிகமானால் எங்கோ தவறு என்று தெரிந்துவிடும். 1950-ல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு இந்த மரபில் வந்தது. இந்தியாவின் முதல் கணினிகளில் ஒன்று 1956-ல் கொல்கத்தா நிறுவனத்தில் இயங்கத் தொடங்கியதும் இந்தப் பணிகளுக்காகவே.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இத்தகைய சுயசோதனை உண்டு. எண்ணி முடித்தபின், தேர்ந்தெடுத்த பகுதிகளில் மீண்டும் சென்று சரிபார்க்கிறார்கள். 2011 கணக்கில் ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டிருந்தனர் என்று இவ்வாறு கண்டறியப்பட்டது. அதாவது சுமார் 2.8 கோடி பேர். தன்னிடம் எத்தனை பேர் தப்பினர் என்று சொல்லும் நேர்மை கணக்கெடுப்புக்கு உண்டு. பணப் பரிமாற்றப் பதிவுக்கோ வரிப் பதிவுக்கோ அந்த ஏற்பாடு இல்லை. அவற்றில் இல்லாதவர்களைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது.

அறிவியல் துறையில் இந்த ஒழுங்கு இன்னமும் பேணப்படுகிறது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2020-ல் தொடங்கிய 'ஜீனோம் இந்தியா' திட்டத்தில் 10,000 பேரின் முழு மரபணுத் தொகுப்பு ஆராயப்பட்டது. 2025 ஜனவரியில் அந்தத் தகவல்கள் ஆராய்ச்சியாளர்களுக்காக வெளியிடப்பட்டன. ஃபரீதாபாதில் உள்ள இந்திய உயிரியல் தகவல் மையத்தில் அவை சேமிக்கப்பட்டுள்ளன. 140 கோடியில் பத்தாயிரம் என்பது சிறு துளி. ஆனால் வெவ்வேறு மொழி, நில, இனக்குழுப் பின்னணியிலிருந்து திட்டமிட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்ட துளி. கைக்கு எட்டிய பத்து லட்சம் பேரைவிட முறையாகத் தேர்ந்தெடுத்த பத்தாயிரம் பேர் அதிகம் சொல்வார்கள் என்பதே இத்திட்டத்தின் அடிப்படை.

பிடிக்காத புள்ளிவிவரம்

மாதிரி ஆய்வுகள் தில்லியில் சந்தித்த சோதனை வேறு வகையானது. 2017-18-ம் ஆண்டுக்கான தொழிலாளர் ஆய்வு, வேலையின்மை 6.1 சதவீதம் என்று கண்டறிந்தது. அறிக்கை வெளியிடப்படாததைக் கண்டித்து, 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் உறுப்பினர்கள் பி.சி. மோகனன், ஜே.வி. மீனாட்சி ஆகிய இருவரும் விலகினர். மக்களவைத் தேர்தல் முடிந்து, புதிய அரசு பதவியேற்ற மறுநாள், மே 31-ம் தேதி அறிக்கை வெளியானது.

இதே காலத்தில், வருங்கால வைப்பு நிதியில் புதிதாகச் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையைக் காட்டி, வேலைவாய்ப்பு பெருகுகிறது என்று அரசுத் தரப்பில் வாதிடப்பட்டது. 2018 ஏப்ரல் முதல் இந்த எண்ணிக்கை மாதந்தோறும் வெளியாகத் தொடங்கியது. பதிவுகள் பெரியவை, உண்மையானவை. ஆனால் அவை அளப்பது என்ன? 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கு வைப்பு நிதிச் சட்டம் பொருந்தும். 19 பேர் வேலை செய்த இடத்தில் இருபதாவது நபர் சேர்ந்தால், பழைய 19 பேரும் அன்று முதல் பட்டியலில் ஏறுவர். பட்டியலில் கூடியது 20 பேர். நாட்டில் கூடிய வேலை ஒன்று. வயல் கூலிக்கும் கட்டட வேலைக்கும் செல்லும் கோடிக்கணக்கானோர் இந்தப் பட்டியலின் வாசலைக்கூட மிதிப்பதில்லை.

2017-18 நுகர்வுச் செலவு ஆய்வின் கதி இன்னும் மோசமானது. மக்களின் செலவு குறைந்துள்ளதாக அந்த ஆய்வு கூறுகிறது என்று பத்திரிகைச் செய்தி வெளியான நிலையில், 2019 நவம்பர் 15-ம் தேதி புள்ளியியல் அமைச்சகம் ஆய்வு முடிவுகளை வெளியிடுவதில்லை என்று அறிவித்தது. சொல்லப்பட்ட காரணம் ஊன்றிப் படிக்கத்தக்கது. பொருள்கள், சேவைகளின் உற்பத்தி குறித்து நிர்வாகப் பதிவுகள் காட்டும் போக்கோடு ஆய்வு முடிவு பொருந்தவில்லை என்பதே அது. வீடு வீடாகச் சென்று கேட்டறிந்த விடை, அலுவலகப் பதிவோடு முரண்பட்டபோது, தள்ளுபடி செய்யப்பட்டது வீட்டின் விடை.

விளைவு, 2011-12-க்குப் பிறகு அடுத்த நுகர்வு ஆய்வின் முடிவுக்கு நாடு 2024 பிப்ரவரி வரை காத்திருந்தது. 2.61 லட்சம் குடும்பங்களிடம் நடத்தப்பட்ட 2022-23 ஆய்வின்படி, ஊரகக் குடும்பச் செலவில் உணவின் பங்கு 52.9 சதவீதத்திலிருந்து சுமார் 46 சதவீதமாகக் குறைந்திருந்தது. அதுவரை சில்லறை விலைக் குறியீடு பழைய செலவுப் பழக்கத்தின் எடைகளிலேயே கணக்கிடப்பட்டது. அந்தக் குறியீட்டை வைத்தே ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தை முடிவு செய்தது; அரசு ஊழியரின் அகவிலைப்படி முதல் வீட்டுக் கடன் தவணை வரை விலைக் கணக்கின் நிழல் படாத இடமில்லை. மாதிரி ஆய்வு சிறிதாக இருக்கலாம். அது நின்றுபோனால் பெரிய எண்கள் அனைத்தும் தடம் மாறுகின்றன.

46 லட்சம் சாதிகள்

2027 கணக்கெடுப்பின் கடினமான பகுதி சாதி. 1931-க்குப் பிறகு முதன்முறையாக அனைத்துச் சாதியினரின் விவரமும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முழுமையாகத் திரட்டப்படும் என்று அறிவிக்கப்பட்டது. இதற்கிடையே 2011-ல் தனியாக நடந்த சமூக-பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பின் அனுபவம் எச்சரிக்கையாக உள்ளது. 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில், 1931-ல் பதிவான சாதிகள் 4,147 என்றும், 2011 கணக்கில் 46 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் வந்துள்ளன என்றும், எனவே அவ்விவரம் பயன்படாது என்றும் மத்திய அரசு கூறியது.

சாதிகள் ஆயிரம் மடங்கு பெருகிவிடவில்லை. மக்கள் சொன்னது கோத்திரமாக இருக்கலாம், குலப்பெயராக இருக்கலாம், பட்டமாக இருக்கலாம். ஒரே சாதிக்குப் பத்து எழுத்துக்கூட்டல் இருக்கலாம். முன்கூட்டியே வரையறுத்த பட்டியலும் குறியீட்டு எண்ணும் இல்லாமல் சேகரித்தால், எவ்வளவு பெரிய தகவல் தொகுப்பும் குப்பைக் குவியலாகவே முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. பிகார் அரசு இதிலிருந்து பாடம் கற்றது. 200-க்கும் மேற்பட்ட சாதிகளுக்கு எண் கொடுத்து, எண்ணையே பதியச் செய்து, 13 கோடி மக்களின் கணக்கை 2023 அக்டோபர் 2-ம் தேதி வெளியிட்டது. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 36.01 சதவீதம், பிற்படுத்தப்பட்டோர் 27.12 சதவீதம் என்ற அந்த விவரம் தேசிய அரசியலையே அசைத்தது.

ஒரு மாநிலத்தில் முடிந்தது, மாநிலத்துக்கு மாநிலம் பட்டியல் மாறும் நாடு முழுவதற்கும் முடியுமா என்பது செயலியின் திறனைவிட பட்டியலின் தயாரிப்பைப் பொறுத்தது. அந்தப் பட்டியலை யார், எந்த அடிப்படையில் இறுதி செய்கிறார்கள் என்பதை நாடாளுமன்றம் கேட்டறிய வேண்டும். எண்ணி முடித்த பிறகு கேட்பதில் பயனில்லை.

விற்கப்பட்ட பதிவேடு

தகவல் தொகுப்புகளுக்குச் சந்தை மதிப்பு உண்டு என்பதை அரசும் உணர்ந்துள்ளது. 2019 ஜூலையில் தாக்கலான பொருளாதார ஆய்வறிக்கை, அரசிடம் உள்ள மக்கள் தகவல்களைப் பொதுச் சொத்தாகக் கருத வேண்டும் என்றும், அவற்றில் ஒரு பகுதியைத் தனியாருக்கு விலைக்குத் தரலாம் என்றும் யோசனை கூறியது. அதே மாதம் மாநிலங்களவையில் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி அளித்த பதில், யோசனை முன்பே நடைமுறையில் இருந்ததைக் காட்டியது. வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமத் தகவல்கள் 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் வழங்கப்பட்டிருந்தன. வருவாய் சுமார் ரூ. 65 கோடி. வண்டி வாங்கியபோது படிவத்தை நிரப்பியவர் எவரும் இதற்குச் சம்மதம் கேட்கப்படவில்லை. எதிர்ப்புக்குப் பின் 2020 ஜூனில் அக்கொள்கை கைவிடப்பட்டது.

இதனுடன் 1948-ம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதன் 15-வது பிரிவின்படி, கணக்கெடுப்பாளர் எழுதிய தனிநபர் விவரத்தை எவரும் பார்வையிட முடியாது; பொதுவாக நீதிமன்றத்தில் அதைச் சாட்சியமாகவும் ஏற்க இயலாது. இந்த உறுதிமொழியை நம்பித்தான் மக்கள் வாசல் கதவைத் திறந்து உண்மையைச் சொல்கிறார்கள். 2019 டிசம்பரில் கணக்கெடுப்போடு சேர்த்து தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டைப் புதுப்பிக்கவும் நிதி ஒதுக்கப்பட்டபோது எழுந்த அச்சத்துக்குக் காரணம், அந்தப் பதிவேடு குடியுரிமைச் சட்ட விதிகளின் கீழ் வருவது. இந்தப் பாதுகாப்பு அதற்கு இல்லை. எண்ணுவதற்காகக் கேட்பதும், சரிபார்த்து நீக்குவதற்காகக் கேட்பதும் ஒன்றே என்று மக்கள் கருதத் தொடங்கினால், கேட்பவருக்கு உண்மை கிடைக்காது. 2023-ல் நிறைவேறிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அரசு அமைப்புகளுக்கு விரிவான விலக்குகளை அளித்திருப்பது இந்த ஐயத்தைப் போக்க உதவவில்லை.

எண்ணிக்கையின் அரசியல்

மக்கள்தொகை எண் அதிகாரப் பங்கீட்டின் அளவுகோலும்கூட. மக்களவைத் தொகுதிகளை மாநிலங்களுக்குப் பிரிப்பது 1971 கணக்கின் அடிப்படையில் நின்றது. 1976-ல் 42-வது திருத்தம் அதை 2001 வரை நிறுத்தியது. பின்னர் 84-வது திருத்தம், 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டித்தது. மகளிர்க்கு மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீடு தரும் சட்டம் 2023-ல் நிறைவேறியபோது, அதுவும் அடுத்த கணக்கெடுப்போடும் தொகுதி மறுவரையறையோடும் பிணைக்கப்பட்டது.

தமிழகத்தின் கவலை இங்குதான் உண்மையாகத் தொடுகிறது. 1971-ல் நாட்டு மக்களில் சுமார் 7.5 சதவீதம் பேர் தமிழகத்தில் வாழ்ந்தனர். 2011-ல் அது 6 சதவீதத்துக்கும் சற்றுக் கீழே இறங்கியது. குடும்பநலத் திட்டத்தைச் செம்மையாக நிறைவேற்றியதன் விளைவு இது. 15-வது நிதிக்குழு 2011 மக்கள்தொகைக்கு 15 சதவீத எடை தந்துவிட்டு, மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுச் செயல்பாட்டுக்கு 12.5 சதவீத எடை தந்து ஈடுகட்ட முயன்றது. நாடாளுமன்ற இடங்களில் அத்தகைய ஈடுகட்டல் எப்படி அமைய வேண்டும் என்பது அரசியல் கேள்வி. அதற்கு எந்த விடை காணப்பட்டாலும், அடிப்படையான எண்ணிக்கை அனைவரும் ஏற்கத்தக்கதாக இருந்தாக வேண்டும். எண்ணையே ஐயுற்றால் பங்கீட்டை எவரும் ஏற்கமாட்டார்கள்.

அப்படிப்பட்ட ஏற்புக்கு மூன்று செயல்கள் அவசியம் என்பது கடந்த கால அனுபவம் உணர்த்தும் பாடம். முதலாவது, முடிவுகளை வெளியிடும் தேதிகளை முன்கூட்டியே அறிவிப்பது. 2011 கணக்கின் மத வாரி விவரம் 2015 ஆகஸ்டில்தான் வெளியானது. செல்போன் செயலியில் திரட்டிய விவரத்துக்கு அத்தகைய தாமதத்தை எக்காரணம் கொண்டும் நியாயப்படுத்த இயலாது. இரண்டாவது, எண்ணிய பின் செய்யும் சரிபார்ப்பு ஆய்வின் முடிவை மாநில வாரியாக வெளியிடுவது. மூன்றாவது, புள்ளியியல் ஆணையத்துக்குச் சட்ட அந்தஸ்து. சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 2001-ல் அத்தகைய ஆணையத்தைப் பரிந்துரைத்தது. 2006-ல் ஆணையம் செயல்படத் தொடங்கியது, ஆனால் அரசாணையின் பலத்தில் மட்டுமே. 2019 டிசம்பரில் வெளியிடப்பட்ட வரைவு மசோதா, வரைவாகவே தங்கிவிட்டது.

கணினிகளின் வேகமும் தகவல்களின் குவியலும் வளர்ந்துகொண்டே போகும். ஆனால் செல்போனில் பணம் அனுப்பாத கிழவியும், வைப்பு நிதிக் கணக்கு இல்லாத கொத்தனாரும், எழுத்துப் பிழையால் பட்டியலில் இருந்து விழுந்த கூலித் தொழிலாளியும் அந்தக் குவியலில் தாமாகத் தோன்றமாட்டார்கள். கதவைத் தட்டிக் கேட்டால்தான் அவர்கள் கணக்கில் வருவார்கள். பதினாறு ஆண்டுகள் தட்டப்படாத கதவுகள் திறக்கும்போது கிடைக்கும் விடை அரசுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், அது முழுமையாகவும் உரிய காலத்திலும் நாட்டின் முன் வைக்கப்படுகிறதா என்பதை நாடாளுமன்றம் கண்காணிக்க வேண்டும்.